கொதிக்கும் அறையில் குளிர்ந்தவள்

எங்கள் ஊரின் பொது நீராவிக் குளியல்கூடமான ஹம்மாமில் குளிக்க வரும் பெண்களுக்கு முதுகு தேய்ப்பவள் இத்தோ அண்ணி. முரட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் தேய்த்தால் ஒரு வாரத்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். ஒருமுறை சோப்பைத் திருடியவளைப் பித்தளைக் கிண்ணத்தால் அடித்துப் பல்லை உதிர்த்தாள். பிறகு அவளே அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்து வாயைக் கழுவிவிட்டாள்.

என் அண்ணன் பாஸ்ஸுவை மணந்த முதல் வருடம் அண்ணி உண்டானாள். மூன்றாம் மாதம் ஒன்றுமில்லாமல் போனது. கலைந்துவிட்டது என்று என் அம்மா யாம்னா சொல்லவில்லை. "பிள்ளை வயித்துக்குள்ள தூங்கிப்போச்சு" என்றாள். எங்கள் மலையில் அப்படித்தான் நம்புவார்கள். தூங்கும் பிள்ளை பத்து வருடம் கழித்துக்கூட எழுந்து பிறக்குமாம். மலடி என்று யாரும் அண்ணியை விரட்டாமல் ஆறு வருடம் காத்தது அந்தப் பேச்சுதான். அதனால் அவளும் அதை மறுத்ததில்லை.

போன குளிர்காலத்தில் அவளுக்கு இரண்டு மாதம் தீட்டு நின்றது. பிறகு கறுப்பாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்தது. அடிவயிற்றில் இடப்பக்கம் குத்தியது.

"எழுந்துடுச்சு! காலை நீட்டுது பாரு!" அம்மா குலவையிட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்மா" என்றேன்.

"நாலு புத்தகம் படிச்சவ பேச வந்துட்டா. ஊசி போட்டா மறுபடி தூங்கிடும்டி."

சூடு பட்டால் பிள்ளை நன்றாக விழிக்கும் என்று வெள்ளிக்கிழமை காலை அம்மா அண்ணியை ஹம்மாமின் கொதிக்கும் அறையில் சூட்டுக் கல்லின்மேல் படுக்கவைத்தாள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, இரண்டு கைகளாலும் அழுத்தினாள்.

அண்ணி அலறினாள். அவள் உதைத்த வாளி சுவரில் மோதி நசுங்கியது. பிறகு, "தோள்பட்டை... பிச்சுக்கிட்டு போகுது" என்று முனகினாள்.

"ஊர் முதுகெல்லாம் தேய்ச்ச தோளாச்சே, வலிக்காதா?" குளிக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். எங்கள் உள்ளங்கால்களைச் சுட்ட அந்தக் கல்லின்மேல் அவள் ஓடைத் தண்ணீர்போலக் குளிர்ந்துகிடந்தாள். உதடு மாவாக வெளுத்திருந்தது. நாடி நூலாக மெலிந்து ஓடியது.

"அம்மா, அண்ணி சாகுறா! தூக்குங்க!"

அம்மா கதவை மறித்து நின்றாள். "அசைச்சா பிள்ளை தூங்கிடும். என் பேரனைக் கொல்லாதே!"

நான் என் அம்மாவின் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். அவள் வாளிகள்மேல் சரிந்து விழுந்தாள். துண்டுகளில் அண்ணியைச் சுற்றி ஐந்து பேர் தூக்கினோம். அடுப்புக்கு விறகு கொண்டுவந்த வண்டியில் ஏற்றினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கத்தினாள். பாதி வழியில் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் ஊசியை இறக்கினார். ஊசிக்குழலில் கறுஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது.

"கரு கர்ப்பப்பையில இல்லாம பக்கத்துக் குழாயில வளர்ந்து, குழாய் வெடிச்சிருக்கு. வயிறு முழுக்க ரத்தம். தோள் வலிச்சதும் அதனாலதான். உடனே அறுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

மர அறுப்பு ஆலையிலிருந்து ஓடிவந்த அண்ணன் பேனாவை வாங்கினான். எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்ட அம்மா அவன் மணிக்கட்டில் தொங்கினாள்.

"ஆறு வருஷம் தூங்கின பிள்ளைடா! வெட்டி எறியவா கையெழுத்துப் போடுற?"

"எனக்கு இத்தோ வேணும்!" அவன் உதறிய வேகத்தில் அம்மாவின் வளையல் உடைந்து இருவர் கையும் கிழிந்தது. அந்த ரத்தக்கறையோடுதான் கையெழுத்து விழுந்தது.

மூன்று பேர் ரத்தம் கொடுத்தோம். மறுநாள் மாலை அண்ணி கண்திறந்தாள். அவள் இடப்பக்கக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள எந்தப் பிள்ளையும் தூங்கலம்மா. இது புதுசா உண்டானது." அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் கையுறையை மாட்டினாள். முதல் வெள்ளிக்கிழமையே அம்மா போய் அவள் முன்னால் குப்புறப் படுத்தாள். அண்ணி அழுத்தித் தேய்த்தாள். முதுகு சிவந்தது. பிறகு பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்தது.

"மெதுவாடி! தோலு உரியுது!"

"அசையாதீங்க அத்தை" என்றாள் அண்ணி. "அசைஞ்சா பிள்ளை தூங்கிடும்."

அம்மா கல்லின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அண்ணி தேய்த்து முடிக்கும்வரை அசையவில்லை.