ஐஸுக்குள்ள போன அலை

ஐஸ் கம்பெனி வேலை வெயிலுக்குச் சொகம்னு நெனைக்கறவங்க ஒருநாளு ஒரு கட்டியக் கொக்கி போட்டு இழுத்துப் பாருங்க. நீங்க ஊட்டுக்கு வருவீங்க, இடுப்பு வராதுங்க. மொதலாளிகிட்ட ஏச்சு வாங்குற என்ர சாதி சனமெல்லாம் கேளுங்க.

நக்கிப் பாத்தது

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்க கம்பெனி. சில்லுன்னு கெடந்தும் உறையாத உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள தகரக் கேனை எறக்கி, கேனுக்குள்ள நல்லதண்ணி ஊத்தி உறைய உடுவோம். வெளிய உப்பு, உள்ள நல்லது. சம்பந்தி ஊடு மாதிரி பக்கத்துல இருக்கோணும், கலந்துறக் கூடாது.

கரும்புச்சாறு கடை தங்கராசண்ணன் வண்டிய நிறுத்தும்போதே எங்கிட்டக் கத்துனாரு, "ஐஸு போட்டா சாறு கரிக்குதுடா சின்னு!"ன்னு. மொதலாளி என்னயப் பாத்து, "இன்னொருக்கா இந்தப் பேச்சு வந்துச்சு, நீ மேச்சேரிக்கு ஆடு மேய்க்கப் போயிக்கோ"ன்னுட்டாரு. பயந்துபோயி அன்னிக்கு எடுத்த கட்டியெல்லாம் வரிசையா நக்கிப் பாத்தேன். சத்தியமா உப்பே இல்லீங்க. தங்கராசண்ணன் கேட்டாரு: "நீ நக்குன ஐஸை நான் யாருக்குடா போட்டுக் குடுக்கறது?"

பொட்டியோட வந்த அம்மிணி

அந்த வாரமே திருச்செங்கோட்டு அம்மிணி கயல்விழி ஒரு பொட்டியோட வந்துச்சு. ஆராய்ச்சிக்குத் தென்துருவப் பக்கம் போவுதாம். அங்க கடலே உறைஞ்சு கெடக்குமாம். அது எத்தனை தடிசுன்னு பொட்டி சொல்லோணும். கப்பல் ஏறறதுக்கு முன்ன நம்ம ஐஸுல சோதிக்கோணுமாம்.

"ஓட்டை போடாம எப்படித் தெரியும் அம்மிணி?"ன்னேன். கெணத்துல கூப்புட்டா கொரலு அடியில முட்டித் திரும்புதில்லீங்க, அப்படி ரேடியோ அலைய உள்ள அனுப்புமாம். தாமசமாத் திரும்புனா ஐஸு தடிசு, வெரசாத் திரும்புனா மெல்லிசு. கட்டி மேல பொட்டிய வெச்சுது. டேப்புல அளந்தா அதே அளவு! ரேடியோல பாட்டு மட்டுந்தான் வரும்னு இருந்தவனுங்க நானு.

"கடல் ஐஸுல உப்புத்தண்ணி பொந்து பொந்தா மாட்டியிருக்கும். அது அலையத் தின்னுரும். சோதிக்க உப்பு ஐஸு ஒண்ணு கெடைக்குமாண்ணா?"ன்னு கேட்டுச்சு. மொதலாளி முந்திக்கிட்டாரு: "நம்ம கம்பெனில அந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க அம்மிணி!"

திரும்பாத அலை

நாலஞ்சு கட்டி தாண்டி ஒண்ணுல பொட்டி ஊமையாயிருச்சு. போன அலை திரும்பலை. பொட்டி கெட்டுப்போச்சுன்னா பயணமே போச்சுன்னு அம்மிணி மொகம் சுண்டிப்போச்சு. பக்கத்துக் கட்டில வெச்சா நல்லாப் பேசுது, இதுல வெச்சா ஊமை. எனக்கு நாக்கு அரிச்சுது. நக்குனேன், நல்லதண்ணிதான்.

"பொளந்து பாக்கலாம்ணா"ன்னுச்சு. சுத்தியில ஒரே போடு. நடுவுல வெள்ளையா நொசநொசன்னு இருந்தத வாயில வெச்சா, உப்பு! தண்ணி ஓரத்துல இருந்து உறைஞ்சு வரும்போது உப்பை நடுவுக்கே தள்ளிருமாம். நான் நக்குனதெல்லாம் ஓரந்தானுங்களே. கட்டியக் கவுத்த கேனு பக்கத்துலயே கெடந்துச்சு. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா, அடியில ஊசி ஓட்டை. தொட்டி உப்புத்தண்ணி அது வழியாத்தான் உள்ள கசிஞ்சிருக்குதுங்க.

அந்நேரம் பாத்துத் தங்கராசண்ணன் வந்து நிக்கறாரு. மொதலாளி கேனை முதுகுக்குப் பின்னால ஒளிக்கறாரு. பொட்டி பொழைச்ச சந்தோசத்துல அம்மிணி குதிச்சுது: "ஓட்டைய அடைச்சுறாதீங்கண்ணா, எனக்கு இன்னும் ரெண்டு உப்புக் கட்டி வேணும்!"

ஆக, என்ர நாக்கு வாசல்ல நின்னே நல்ல சாட்சி சொல்லிட்டிருக்க, நடு ஊட்டுக்குள்ள போன அலை திரும்பி வராமயே உண்மையச் சொல்லிப்போட்டுது; தப்பு என்ர மேல இல்ல, கேனு மேலன்னு ஆனதால மேச்சேரி ஆடுக எங்கிட்ட மாட்டாமத் தப்பிச்சுதுங்க.