மிளகுக் களத்தில் ஒரு வலை

பெரியவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் கை வலிக்காது, தொண்டைதான் வலிக்கும். வளர்ந்த ஆட்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். நான் கப்பலில், இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்ந்து, கொல்லிமலைக்குத் திரும்பி வந்தவன். இப்போது சாயங்காலமானால் பிக்கிள்பால் என்றொரு மட்டைப்பந்து ஆட்டம் சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது. நிம்மதியும் கிடையாது.

வந்த விருந்தாளி

ஜுன்ஜுன் என்னோடு கப்பலில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன். எந்தப் புயலிலும் வாந்தி எடுக்காதவன். மலையேறும் பஸ்ஸில் பாதி வளைவு தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே போன தலை, மேலே வந்து சேரும்வரை உள்ளே வரவில்லை. பையைத் திறந்தால் துணி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மட்டை, மடித்த வலை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள். அவன் நாட்டில் இப்போது இந்தப் பைத்தியம்தானாம். ஊருக்கு ஊர் இருக்கும் பாஸ்கெட்பால் தளத்தில் புதுக் கோடு போட்டு நர்ஸ், மீன் விற்கிற அம்மா, ஓய்வு பெற்ற மாலுமி எல்லோரும் ஆடுகிறார்களாம்.

மறுநாள் காலை எங்கள் ஊர்ப் பொதுக்களத்தைப் பார்த்தான். மிளகு காயப்போடும் சிமெண்டுத் தரை. காலால் அளந்தான். ஷட்டில் கோர்ட் அளவு இடம் இருந்தால் போதும் இந்த ஆட்டத்துக்கு. என்னைத் திரும்பி முறைத்தான்.

“இவ்வளவு நல்ல தரையைச் சும்மா போட்டுவிட்டு எல்லோரும் எங்கே போய்விட்டீர்கள்?”

களத்துச் சட்டம்

களம் ஊர்க்கவுண்டர் பொறுப்பில் இருக்கிறது. போய்க் கேட்டேன். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் போகும்.

“செருப்பு, ஷூ எதுவும் ஏறக்கூடாதுங்க, திங்கற பண்டம் காயற எடம்” என்றார். நான் மொழிபெயர்க்குமுன் ஜுன்ஜுன் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கவுண்டருக்கு அவனைப் பிடித்துப்போனது. என்னை மட்டும் பார்த்து இரண்டாவது நிபந்தனையைப் போட்டார்.

“தை பொறந்து மிளகு எறங்குனா வலையைக் கழட்டிரோணும், அப்பறம் வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கக்கூடாது, ஆமா.”

ஓங்கி அடிக்கிறவர்

ஜுன்ஜுன் ஒரு வாரம் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். பிறகு எல்லாம் என் தலையில். மின்வாரிய லைன்மேன் குமரேசன் ராசிபுரத்துக்காரர், கிரிக்கெட் ஆடியவர். புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். முதல் பந்தை இடுப்புக்குக் கீழேயிருந்து தூக்கிப் போடு. அது அந்தப் பக்கம் ஒரு தடவை தரையில் குத்தட்டும். திரும்பி வருவது இந்தப் பக்கம் ஒரு தடவை குத்தட்டும். அதற்குப் பிறகு அந்தரத்திலேயே அடிக்கலாம். அதுவரை பொறு.

குமரேசன் பொறுக்கவில்லை. பந்து பலாமரத்தில். அடுத்தது மரவள்ளிக் காட்டில். “மெதுவா!” என்றேன். மறுபடி காட்டில். “மெதுவாய்யா! மெதுவா!” என்று கத்தியதில் கட்டுத்தறியில் நின்ற மாடு மிரண்டது. குமரேசன் மட்டையைக் கீழே வைத்தார்.

“மெதுவா அடிக்கச் சொல்லி இவ்ளோ கோவமாச் சொல்லித் தர்றது ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான் மாமா!”

அடுப்படி

வலைக்கு இரண்டு பக்கமும் ஒரு பட்டை இடம் உண்டு. அதற்குள் நின்றுகொண்டு தரையில் குத்தாத பந்தை அடிக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கிச்சன். நான் அடுப்படி என்பேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா கரூரிலிருந்து வேலைக்கு வந்தவர். நல்ல கை. ஆனால் பந்தைப் பார்த்தால் உள்ளே பாய்ந்துவிடுவார். “அடுப்படிக்குள்ள போகாதே, போகாதே” என்பதே என் பாட்டு.

மரவள்ளிக்கூடையோடு அந்தப் பக்கம் போய்வரும் பொன்னாயி இதை மூன்று நாள் வேடிக்கை பார்த்தாள். நான்காம் நாள் கூடையை இறக்கி வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டைக்குக் கை நீட்டினாள்.

“ஊட்ல அடுப்படிய உட்டு வெளிய வராதேங்கறாங்க, நீங்க உள்ள போகாதேங்கறீங்க, இந்த ஆட்டம் எனக்குப் புடிச்சிருக்குதுங்க.”

தை பிறந்தது

பிறந்தால் என்ன, நல்லதுதானே என்பீர்கள். எங்களுக்கு அப்படியில்லை. மிளகு இறங்கியது. சொன்ன சொல்படி வலையைக் கழற்றினேன். குமரேசன் அதைச் சுருட்டக்கூட உதவாமல் நின்றார். ஸ்டெல்லா சாயங்காலத்தில் களத்தோரமாக நடந்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்று மாதம் விட்டால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். எனக்குத் தெரியும். தொண்டை வலி நின்றது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜுன்ஜுனுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு போனைத் திருப்பிக் காட்டினான். அவன் ஊர்த் தளம். கூடை வளையத்துக்குக் கீழே தரை முழுக்க நெல்.

“நாங்களும் இதில்தான் காயவைக்கிறோம், ஆடவேண்டிய அவசரத்தில் எல்லோருமாக அள்ளிவிடுவோம், பிறகு ஆடுவோம்.”

குலுக்கல்

பனி இறங்குமுன் மிளகை அள்ளி மூட்டை கட்டியாக வேண்டும். தினமும் கவுண்டருக்கு ஆள் தேடுவதே வேலை. நான் போய்ச் சொன்னேன்: “அள்ளித் தர்றோம். அப்பறம் ஆடிக்கறோம்.” அவர் நம்பவில்லை. பார்க்கலாம் என்றார்.

வெயில் சாய்ந்ததும் வந்தார்கள். பொன்னாயி விளக்குமாற்றோடு. ஸ்டெல்லா முறத்தோடு. குமரேசன் மூட்டைக்கு மூட்டை ஓடினார். ஆட்டத்தில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு மிளகு மணியை மிதித்தாலும் வழுக்கும் என்று எனக்குப் பயம், எல்லோரையும் பார்த்துக் கத்தினேன். கவுண்டர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அவர் குடித்து முடிக்குமுன் களம் துடைத்த மாதிரி கிடந்தது. வலை ஏறியது.

மூட்டைகளுக்கு நடுவே கிடந்த பந்து முதல் ஆட்டத்திலேயே கலகலவென்று சத்தம் போட்டது. கவுண்டர் எழுந்தார். எல்லோரும் நின்றுவிட்டோம். பந்தை வாங்கிக் காதோரம் ஆட்டினார். ஓட்டை வழியாக உள்ளங்கையில் இரண்டு மிளகு விழுந்தது. அவற்றை மூட்டையில் போட்டுவிட்டு, பந்தைக் குமரேசனிடம் நீட்டினார்.

“தெனமும் ஆடு சாமி, ஆனா ஊட்டுக்குப் போறப்ப பந்தக் குலுக்கிக் காட்டிட்டுப் போ.”

ஆக, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு விதி எங்கள் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது, புதிதாக வருகிறவர்களுக்கு அதையும் நான்தான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.