அழியாத குப்பம்மா

என் மருமகன் மகேந்திரன் சிரம்பானில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். அப்பாவைப் புதைத்த இடத்தைச் செம்பனை நடுவதற்காக மெஷின் விட்டுத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம், பெயர் அழியக்கூடாது. அதற்காக பிளாக்செயின் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அதில் எழுதினால் ஊர் ஊராகப் பல கம்ப்யூட்டர்களில் போய் உட்கார்ந்துவிடுமாம். யாராலும் அழிக்க முடியாதாம். தான் தின்ற நாசி லெமாக்கைக்கூட அதில் ஏற்றி வைத்திருந்தான். எந்தப் பேரன் அதைப் பார்த்துப் பசியாறப் போகிறானோ.

என் மகள் ரோகினிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது பெண். மூக்கு அப்படியே என் மூக்கு. எங்கள் வழக்கப்படி முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றோம். குப்பம்மா என்று கூப்பிட்டோம். குப்பைதானே என்று எமன் விட்டுவிட்டுப் போவான். சூராவில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், மாதவி என்று போட்டாயிற்று. ஆனால் முதல் மொட்டைவரை அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

மகேந்திரன் இதையெல்லாம் படம் பிடித்தான். பிடித்தவன் சும்மா இருந்தானா?

"மாமா, பேரோட ஏத்திட்டேன். ஆயிரம் வருசம் ஆனாலும் நிக்கும்."

"எந்தப் பேரு மாப்ள?"

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். குப்பம்மா.

ரோகினி அழுதாள். "நாளைக்கு ஸ்கூல்ல புள்ளைங்க தேடிப் பாத்து குப்பம்மான்னு கூப்புடுங்க. அழிச்சிடுங்க லா."

"அழிக்க முடியாது ரோகினி. அதான் அதோட பெருமையே."

"பெருமைய கொண்டுபோயி லோங்காங் சாக்கடைல கொட்டுங்க."

ஒரு வயதில் கோயிலில் மொட்டை போட்டு, தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை ராக்கம்மாவிடமிருந்து மீட்டோம். எல்லாரும் மாதவி என்று கூப்பிட்டோம். மகேந்திரன் மறுபடியும் கைப்பேசியை எடுத்தான்.

"இந்தப் பேரையும் ஏத்திடுறேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்."

ரோகினி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "அதுல இருக்கறது உங்க குப்பம்மா. நீங்களே வச்சுக்குங்க. எம்புள்ள பேரு அங்க போகக்கூடாது."

"விடுடி, நல்லதாப் போச்சு," என்றாள் ராக்கம்மா. "எமன் அந்தச் செயினுக்குள்ளயே குப்பம்மாவத் தேடிக்கிட்டுக் கெடக்கட்டும்."

ரோகினியும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

ஆயிரம் வருஷத்துக்கு ஏற்பாடு செய்த மகராசன், பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுத்துவர மறந்திருந்தான். மாதவி என் மடியை நனைத்துவிட்டாள். நனைந்த வேட்டியோடு வீடுவரை நான்தான் தூக்கி வந்தேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.