வியாழக்கிழமைப் பொத்தான்

சேஷாத்ரி சார் ஸ்ரீரங்கத்தில் தன் மாடி அறையில் விழுந்து இறந்துபோனார். எனக்குச் செய்தி சொன்னது போன் இல்லை. காந்தி மார்க்கெட்டில் என் உருளைக்கிழங்கு குடோன் சுவரில் அவர் மாட்டிவைத்த பெட்டி. அது சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. 'எலி டாக்டர்' என்று கூப்பிட்டு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்த உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் மூட்டை மூட்டையாக எலிக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் குடோனுக்கு வந்தார். நமக்குக் கேட்காத, எலிக்கு மட்டும் கேட்கிற சத்தத்தை எழுப்பும் ஆசிலேட்டர் ஒன்றைச் செய்து தந்தார். கடையில் விற்கிற பெட்டிகள் ஒரே அதிர்வெண்ணில் கத்தும், எலி பழகிவிடும். இவர் மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சின்னச் சிப் ஒன்றைப் பொருத்தி, அதிர்வெண் தாறுமாறாக ஏறி இறங்கும்படி செய்திருந்தார்.

"அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடும், முதலாளி. எலிக்கும் அப்படித்தான்."

நாலாம் நாள் ஒரு எலி இல்லை. பல்லிகூட இல்லை. அந்த அமைதிக்குப் பயந்து லோடுமேன் பாண்டி உள்ளே தனியாகப் போக மாட்டேன் என்றார்.

நான் வியாபாரி. "காதுல விழாத சரக்குக்கு எப்படி சார் விலை போடறது? அது ஓடுதா, நின்னுபோச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினேன்.

சிரித்தார். "விலையே வேண்டாம். வியாழக்கிழமை தோறும் நான் வந்து இந்தப் பொத்தானை அழுத்துவேன். அழுத்தலேன்னா அதிர்வெண் தானா இறங்கி உங்க காதுக்கே கேட்கும். கேட்டா, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு நடை வந்து என்னைப் பாருங்கோ. நான் தனிக்கட்டை."

இத்தனை மலிவாக நான் எதையும் வாங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டு கை கொடுத்தேன்.

ஒரு வியாழன் அவர் வரவில்லை. வெள்ளி காலை லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது பெட்டி விசில் அடிக்க ஆரம்பித்தது. மெல்ல மெல்ல இறங்கி, ஆள் முனகுவது போல ஆனது.

"முதலாளி, உள்ள யாரோ கெடக்காங்க" என்றார் பாண்டி.

"யாரும் இல்லய்யா, சாரோட பெட்டி. மொதல்ல பிளக்கைப் பிடுங்கு."

பிடுங்கினார். நானும் லாரியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை கதவைத் திறந்தேன். மூட்டைகள் மேல் வரிசையாக எலிகள். விளக்கைப் போட்டும் ஓடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம்தான் ஸ்ரீரங்கம் கிளம்பினேன்.

மாடிப்படியில் கால் வைத்ததுமே அதே முனகல். "ரெண்டு நாளா கேக்குதுங்க. தண்ணி மோட்டார்னு நினைச்சோம்" என்றார் கீழ்வீட்டுக்காரர். இருவரும் கதவை உடைத்தோம். மேஜையில் இன்னொரு பெட்டி. அதற்கும் வியாழன்தான் கெடு. அவர் தரையில் கிடந்தார். ஒரு கை மேஜைக்காலைப் பிடித்திருந்தது. வெள்ளி மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை குடோன் பெட்டியும், நான் காப்பாற்றாத வாக்கும்தான். பெட்டியை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். இப்போது வியாழக்கிழமை பொத்தானை அழுத்துவது நான். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் நானும் தனி ஆள்தான். அதனால் பாண்டியிடம் பேரம் பேசி முடித்தேன்: பெட்டி முனகினால், லாரி நின்றாலும் போட்டது போட்டபடி என் வீட்டுக்குக் கிளம்பி வர வேண்டும், அன்றைக்கு முழுக் கூலி, போகவர பஸ் டிக்கெட், கதவை உடைத்தால் அதன் விலையை அவரிடம் யாரும் கேட்கக் கூடாது.