மணலில் அளவெடுத்த சீட்

1. இல்லாத வண்டிக்கு ஓடர்

மகள் பரீதா ஒரு காலையில என்ட தையல் மெசினடிக்கு வந்து நிண்டு, "உம்மா, அவர் ஒரு சீட் தைச்சுத் தரட்டாம்" எண்டாள்.

என்ன வாகனத்துக்கு எண்டு கேட்டேன். த்ரீவீலுக்கு ஒரு அளவு, ட்ரக்டருக்கு ஒரு அளவு, வேனுக்கு வேற. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாகனம் இன்னும் இல்ல உம்மா. இனித்தான் செய்யப் போறாராம்" எண்டாள்.

முப்பது வருசத்துக்கு மேல நான் சாய்ந்தமருதில குஷன் வேலை செய்யிறேன். பள்ளிக்கூடம் மூணாம் வகுப்போட சரி. இலக்கம் எழுதி அளவெடுக்கிறதை விட நூல்ல முடிச்சுப் போட்டு அளவெடுக்கிறதுதான் எனக்கு நம்பிக்கை. ஆனா ஸ்டாண்டுல இருபது த்ரீவீல் நிண்டாலும், எது என்ட கைத்தையல் எண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டே சொல்லுவேன். அப்பிடிப்பட்ட எனக்கு இல்லாத வாகனத்துக்கு ஓடர் வந்தது அண்டைக்குத்தான்.

பரீதாட மாப்பிள்ளை நிசார் கராஜ்காரர். வயலும் செய்வார். ஊருக்கு மேற்கால உள்ள வயல் வட்டையில நான் மகளுக்குச் சீதனமாகக் குடுத்த மூணு ஏக்கர் அது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ட்ரக்டர் பெட்டி வாய்க்காலுக்குள்ள சரிஞ்சு அவர்ட வலது இடுப்பும் காலும் நசுங்கிப் போச்சு. உயிர் தப்பினது அல்லாஹ்ட கிருபை. ஊன்றுகோலோட வீட்டு வளவுக்குள்ள நடப்பார், மர வாங்குல குந்திக்கொண்டு வெல்டிங் செய்வார். வயலுக்குத்தான் போக ஏலாது. தார் ரோட்டு முடிஞ்சு ஒரு மைல் களிமண் பாதை. மழை பெய்தா அதுல த்ரீவீல் புதையும், ஊன்றுகோல் பாதிக்கு இறங்கும்.

நாலு போகமா வேறொருத்தர் அந்த வயலைச் செய்து வந்தார். நல்ல மனுசன்தான். ஆனா இந்த மாரி விதைப்புக்கு முந்தி ஒரு முடிவு கேட்டார். நிசார் தானே வந்து பார்க்கிறதெண்டா பார்க்கட்டும், ஏலாதெண்டா முழுசா அவர்ட பொறுப்பில விட்டிடட்டும். மருமகன் அண்டு முழுக்கச் சாப்பிடல்ல எண்டு பரீதா சொன்னாள்.

அதுக்குப் பிறகுதான் இந்த வண்டி யோசனை. மலையிலயும் காட்டுலயும் ஓடுற பகி எண்ட வண்டியளை அவர் ஃபோன்ல மாதக்கணக்காப் பார்த்திருக்கிறார். சேத்துல ஓடணும், மணல்ல ஓடணும், கையால மட்டும் ஓட்டணும். அதை எங்கட மாமரத்தடியில செய்யப் போறேன் எண்டு நிண்டார்.

2. நடுவில நிண்ட மகள்

எங்கட காலத்துல மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைக்கிறதில்லை. இப்ப புள்ளையள் மாமியோட ஃபோட்டோவும் எடுக்குதுகள், அது அவங்கட காலம். நான் பழைய ஆள். பதினைஞ்சு வருசமா ஒரே வளவு, அவங்க முன் வீட்டுல, நான் பின் வீட்டுல. அவர் வந்தா நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளுக்குப் போவேன். என்ட காலடி கேட்டா அவர் பார்வையை நிலத்துல போடுவார். கதைக்க இருந்தா பரீதாட வாயாலதான்.

வண்டி வேலை தொடங்கினதும் இது பெரிய கூத்தாப் போச்சு. அவர் மாமரத்தடியில, நான் கதவுக்குப் பின்னால, பரீதா நடுவில.

"மாமிட்ட கேளு, ரெக்சின் கறுப்பா நீலமா எண்டு."

"கறுப்பு வெயிலுக்குச் சுடும் எண்டு சொல்லு."

அவர் சொல்றது எனக்குக் கேக்கும், நான் சொல்றது அவருக்குக் கேக்கும். ஆனாலும் பரீதா திருப்பிச் சொல்லியாகணும். ஒரு நாள் அவள் இடுப்புல கை வைச்சிக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன, ஃபோன் டவரா?" எண்டு கேட்டாள். மாமரத்தடியில சிரிப்புச் சத்தம் கேட்டுது. கதவுக்குப் பின்னால நானும் சிரிச்சேன். அது அவருக்குக் கேட்டிருக்கும்.

எஞ்சின் குடுத்தது ஸ்டாண்டுல நிக்கிற அலியார் காக்கா. அவர்ட பழைய த்ரீவீல் மரத்துல மோதி முன் பக்கம் சப்பிப் போய்க் கிடந்தது. கிளச், கியர், ஆக்சிலேட்டர் மூணும் த்ரீவீல்ல ஏற்கனவே கையிலதான் இருக்கு, ரிவர்சும் இருக்கு. காலால மிதிக்கிற பிரேக்கை மட்டும் கைக்கு மாத்தினாச் சரி எண்டு மருமகன் கண்டுபிடிச்சார். பின்னுக்கு ஜீப் டயர் போடப் போறாராம் எண்டு கேள்விப்பட்டு அலியார் காக்கா, "இந்த எஞ்சினுக்கு அந்த டயரா? ஓடாதே மச்சான்" எண்டு நக்கலடிச்சார். "ஓடத் தேவல்ல காக்கா, ஊர்ந்தாப் போதும்" எண்டார் மருமகன்.

3. இரும்பு வளைஞ்சதும் மணல் பதிஞ்சதும்

நான் துணியையும் ரெக்சினையும் வளைச்சிருக்கிறேன். இரும்பை வளைக்கிறதை அப்பதான் பார்த்தேன். வெறும் பைப்பைச் சுட்டு வளைச்சா மடிப்பு விழுந்து சப்பிப் போகும். அதால பைப்புக்குள்ள மணலை இறுக்கி நிறைச்சு, ரெண்டு வாயையும் மரக்கட்டையால அடைச்சு, பிறகுதான் சுடணும். மணல்ல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளுக்கு ஆவி கட்டிக் கட்டையைத் தெறிக்க வைக்கும். கடல் மணலைத் தகரத்துல கொட்டிக் காய வைக்கிற வேலை எனக்கு வந்தது. உள்ளங்கையில தேய்ச்சுப் பார்த்து, ஒட்டல்ல எண்டா "காஞ்சிட்டு எண்டு சொல்லு" எண்டு பரீதாட்டச் சொல்லுவேன்.

அந்த மனுசன் ஒத்தைக் காலை ஊண்டி வாங்குல இருந்துகொண்டு, பைப் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வாற வரைக்கும் பொறுத்திருந்து, மெல்ல இழுத்தார். அது வாழைத்தண்டு மாதிரி வளைஞ்சுது. கதவுக்குப் பின்னால நிண்ட நான் என்னை அறியாமல் சுப்ஹானல்லாஹ் எண்டேன். ரெண்டு மாதத்துல மாமரத்தடியில இரும்புக் கூடு ஒண்டு எழும்பி நிண்டது. உள்ளுக்கு இருக்கிற ஆளைக் கையால பொத்தி வைச்சிருக்கிற மாதிரி ஒரு கூடு. அதுக்கு மேல சீட் என்ட பொறுப்பு.

இங்கதான் சிக்கல். உடம்பு பாதிச்ச ஆளுக்குச் சீட் தைக்கிறதெண்டா அவர்ட இடுப்பு, துடை, முதுகு எல்லாம் அளக்கணும். மருமகன்ட உடம்புக்குக் கிட்ட நான் நூல் கொண்டு போற கதையே இல்லை. பரீதாக்கு அளவெடுக்கத் தெரியாது. ரெண்டு நாள் யோசிச்சேன். பிறகு மிச்சமிருந்த மணலை ஒரு குவியலாப் போட்டுத் தண்ணி தெளிச்சுத் தட்டி, "அவரை இதுல ஒருக்கா இருந்திட்டு எழும்பச் சொல்லு" எண்டு பரீதாட்டச் சொல்லிட்டு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டேன்.

அவர் போன பிறகு வந்து பார்த்தேன். மணல்ல ஆள் அப்பிடியே பதிஞ்சிருந்தார். ரெண்டு பக்கமும் ஒரே ஆழம், முதுகு நேர். கலியாண வீட்டுல மாப்பிள்ளை இருக்கிற மாதிரி. அல்லாஹ்வே, காயம் இவ்வளவு சுகமாகிட்டா எண்டு எனக்குப் பெரிய சந்தோசம். ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்ச குழி நல்ல ஆழமா இருந்தது. எழும்பும்போது ஊண்டியிருப்பார் எண்டு நினைச்சேன். நூலை வைச்சு முடிச்சுப் போட்டு எல்லா அளவும் எடுத்தேன். ஃபோமை அடுக்கி, கத்தியால செதுக்கி, நீல ரெக்சின்ல இரட்டைத் தையல் போட்டேன். நான் தைச்சதுல வடிவான சீட் அது.

4. கடற்கரையில

சீட்டைப் பூட்டி, ஒரு நாள் பின்நேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டு போனோம். வலை இழுத்து முடிஞ்ச ஆக்கள் எல்லாம் சுத்தி நிண்டாங்க. நான் தூரத்துல தோணி ஒண்டுக்குப் பின்னால நிண்டேன். அலியார் காக்கா அவரைத் தூக்கி இருத்தினார், பெல்ட்டைப் போட்டார். எஞ்சின் இருமிப் பிடிச்சுது.

கடல் நனைச்ச மணல்ல அது நண்டு மாதிரிப் போச்சு. ரெண்டு வருசமா வாங்கும் கட்டிலுமாக் கிடந்த மனுசன் காத்துல சேர்ட் படபடக்கப் போனார். சத்தம் போட்டுச் சிரிச்சிக்கொண்டு நிண்ட பொடியன்மார் கூட வண்டிக்குப் பின்னால ஓடினாங்க.

திருப்பும்போது பொதபொத மணல்ல வண்டி சரிஞ்சுது. உடனே அவர் வலது பக்கம் வழுக்கினார். ஆக்சிலேட்டர் வலது கையில. உடம்பு போன பக்கம் கையும் போச்சு, கை முறுக்க எஞ்சின் அலறிச்சு. வண்டி போய் ஒரு தோணியில முட்டி நிண்டது. ஆளுக்கு ஒண்டுமில்லை. ஆனா அவர் ஆரையும் பார்க்கல்ல.

வீட்டுக்கு வந்து வண்டியைத் தார்ப்பாய்ப் படங்கால மூடிட்டார். பரீதாட்ட அவர் சொன்னது எனக்குக் கேட்டுது. "மாமிட தையல்ல பிழை இல்ல. பிழை என்ட உடம்புலதான். வயல் செய்யிற ஆள் வந்தா, வயலை அவரே வைச்சிக்கொள்ளட்டாம் எண்டு சொல்லிடு."

5. முகத்துக்கு முகம் முதல் கதை

அண்டு எனக்கு நித்திரை இல்லை. என்ட தையல்ல பிழை இல்லை எண்டு அவர் சொன்னது எனக்குப் பெருமையா இருந்திருக்கணும். இல்லை. சீட் பிடிக்கல்ல எண்டா அளவு பிழை. அளவு பிழையெண்டா மணல் பிழை சொல்லியிருக்கு. மணல் எப்பிடிப் பிழை சொல்லும்?

விடிய எழும்பினதும் படங்கை விலக்கிச் சீட்டைப் பார்த்தேன். இடது பக்கம் சுருக்கமே இல்லை, புதுசு மாதிரி. வலது பக்கம் ரெக்சின் இழுபட்டிருந்தது. அப்பதான் அந்த விரல் குழி ஞாபகம் வந்தது. எழும்பும்போது ஊண்டினதில்லை அது. இருந்த நேரம் முழுக்க ரெண்டு கையையும் ஊண்டித் தன்னை நிமித்திப் பிடிச்சிருக்கிறார். மாமி வந்து பார்க்கப் போற மணல். அதுல கோணிக்கொண்டு இருக்க அவருக்கு மனம் வரல்ல. வண்டியில கை ரெண்டும் ஹேண்டில்ல. ஆர் அவரை நிமித்திப் பிடிக்கிறது? குழியைக் கண்டும் விளங்கிக்கொள்ளாதது நான். முப்பது வருசத் தொழில்காரி.

திரும்ப மணல்ல இருக்கச் சொல்லு எண்டு பரீதாவை அனுப்பினேன். வேணாமாம் எண்டு வந்தாள். திரும்பவும் அனுப்பினேன். "உம்மா, அவர் மறுபக்கம் திரும்பி இருந்திட்டார், நான் என்ன செய்ய?" எண்டு அழுவாரைப் போல நிண்டாள்.

நான் முக்காட்டைச் சரி செய்து, முன் வீட்டுக்குப் போனேன். பதினைஞ்சு வருசத்துல அவர் இருக்கும்போது நான் அந்த வாசலைத் தாண்டினதில்லை. அவர் எழும்பப் பார்த்தார். கைகாட்டி நிப்பாட்டினேன்.

"மருமகன், நீங்க அண்டைக்கு எனக்கு முன்னால இருக்கிற மாதிரி இருந்திட்டீங்க. சீட் உங்கட மாமி இல்ல. அதுக்கு முன்னால மரியாதையா இருக்கத் தேவல்ல. ஆருமில்லாத நேரம், நோகுற நேரம், எப்பிடிச் சரிஞ்சு இருப்பீங்களோ, அப்பிடி இருந்து காட்டுங்க. நான் பார்க்கணும்."

பரீதா வாயில கையை வைச்சாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி ஊன்றுகோலை எட்டி எடுத்தார். பிறகு, "ஓம் மாமி" எண்டார்.

மணலை நானே நனைச்சேன். இந்த முறை உள்ளுக்குப் போகல்ல. அவர் இருந்தார், கையை மடியில வைச்சார். முதுகு கொஞ்சம் கொஞ்சமா வலது பக்கம் சரிஞ்சு, விலா மடிஞ்சு, தலை மட்டும் நேரா நிக்கப் பார்த்தது. அவர்ட முகத்துல வேர்வை. ரெண்டு வருசமா ஒரே வளவுக்குள்ள இருந்தும், இந்த மனுசன் எவ்வளவு நோவை நிமித்திப் பிடிச்சிக்கொண்டு எனக்கு முன்னால நடந்திருக்கிறார் எண்டு அப்பதான் கண்டேன். எனக்குக் கண் நிறைஞ்சு நூல் முடிச்சு தெரியல்ல. அவர் எழும்பின பிறகு மணலை ரெண்டு தரம் அளந்தேன்.

பழைய சீட்டை முழுசாப் பிரிச்சேன். வடிவு போச்சு. வலது பக்கம் அக்குள் வரைக்கும் சுவர் மாதிரி உயர்த்தித் தென்னந்தும்பு அடைச்சேன். அடிப்பக்கம் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. அலியார் காக்கா பார்த்திட்டு, "இதென்ன ராத்தா, மழையில நனைஞ்ச தலையணையா?" எண்டார். சீட்டை அவர்ட கையில குடுத்து வண்டியில பூட்டச் சொன்னேன்.

6. வட்டை

முதல் மழை பெய்து மூணாம் நாள். தார் ரோட்டு முடியிற இடத்துல நானும் பரீதாவும் குடையோட நிண்டோம். ஒரு த்ரீவீல் ஏற்கனவே புதைஞ்சு கிடந்தது. மருமகன் வண்டியோட அதைச் சுத்திக்கொண்டு போனார். களி தெறிச்சுது, டயர் சுத்திச்சுது, நிண்டது, திரும்பப் பிடிச்சுது. வண்டி சரிஞ்ச இடத்துல ஆள் சரியல்ல. ரெண்டு பக்கமும் தண்ணி நிறைஞ்ச வயல், கொக்குகள் எழும்பி எழும்பி விலகிச்சு. நீல நிறம் சின்னதாகி, புள்ளியாகி, பிறகு மழைக்குள்ள அதுவும் தெரியல்ல. அந்த இரும்பு எங்கட மாமரத்தடியில கிடந்த பைப் எண்டு என்னால நம்ப ஏலாமல் இருந்தது. அல்லாஹ் மனுசனுக்கு என்னவெல்லாம் குடுத்திருக்கிறான் எண்டு பார்த்துக்கொண்டே நிண்டேன்.

அந்த நேரம் பரீதா மெல்லச் சொன்னாள், "உம்மா, வயல் செய்யிற ஆள் போன கிழமை வந்தார். இவர் சொல்லச் சொன்னதை நான் சொல்லல்ல. இவர் தூங்குறார், பிறகு வாங்க எண்டு அனுப்பிட்டேன்." இந்த வருசங்கள்ள அவள் சொன்ன பேச்சைக் கடத்தாமல் விட்டது அது ஒண்டுதான்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிஞ்ச பிறகு அவர் திரும்பி வந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் களி. எஞ்சினை நிப்பாட்டிட்டு, பரீதாவைப் பார்க்கல்ல, நேரே என்னைப் பார்த்தார். முகத்துல கோவம்.

"மாமி, கிழக்கு வரம்பு ரெண்டு இடத்துல உடைஞ்சு கிடக்கு. நாலு போகமா ஒருத்தனும் சொல்லல்ல. நாளைக்கே ஆள் பிடிக்கணும்."

வயல்காரன்ட கோவம் அது. அதைக் கேட்டு நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டேன். வயல் செய்த மனுசனும் சந்தோசமாத்தான் விட்டுக் குடுத்தார், இப்ப இவரோட சேர்ந்து வேலை செய்யிறார்.

தொழில் பழகுற ஆக்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். இப்ப என்னட்டச் சீட்டுக்கு அளவெடுக்க வாற டிரைவர்மாரை நான் வந்த உடனே இருக்க விடுறதில்லை. போய் ஒரு நாள் முழுக்க ஆளேத்தி ஹயர் ஓடிட்டு, இடுப்பு நோகுற நேரம் வாங்க எண்டு அனுப்புவேன். சிலர் கோவிச்சிக்கொண்டு வேற கடைக்குப் போவாங்க. போகட்டும். குளிச்சு வெளிக்கிட்டு வந்து நிமிந்து இருக்கிற ஆளுக்குத் தைச்ச சீட் பக்கத்துல இருக்கிற கல்முனைச் சந்தி வரைக்கும்தான் பொருந்தும்.