ஊற்றடியில் கரடி

நெல்லிவாசல்நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் ஆடு மேய்த்துப் பிழைப்பவள் மங்கம்மாள். மழை பொய்த்துப்போன கோடையில் அவள் புருஷன் சடையன் ஒடுகத்தூரிலிருந்து கலப்பின மாடு ஒன்றை ஓட்டிவந்தான். வெயில் ஏறியதும் அது நாக்கைத் தொங்கவிட்டு, நுரை தள்ளி, ஒரே மத்தியானத்தில் காலை உதைத்துச் செத்தது.

கறுப்பு மலையாடுகள் சாகவில்லை. தண்ணீர் குறையக் குறைய அவற்றின் மூத்திரம் கெட்டியாகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. புழுக்கை கூழாங்கல் மாதிரி இறுகியது. பகலெல்லாம் பாறை நிழலில் அசையாமல் கிடந்து உடம்புச் சூட்டைத் தாங்கிக்கொண்டன. விடியும் முன்பே மேய்ச்சலுக்குக் கத்தின. மங்கம்மாளும் அவற்றோடு தன் நேரத்தை மாற்றிக்கொண்டாள். அதுதான் அவளைக் கரடிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பக்கத்துக் காட்டில் வற்றாமல் இருந்தது ஒரே ஊற்று. கரடியும் அந்த வேளையில்தான் அங்கே தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தது.

ஆடுகள் சட்டென்று மிரண்டு சிதறின. அவள் திரும்புவதற்குள் கரடி எழுந்து நின்று அறைந்தது. இடது கண்ணோடு கன்னம் கிழிந்து தொங்கியது. கீழே விழுந்தவளின் தோளைக் கவ்வி உலுக்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவி அதன் கழுத்தில் வெட்டினாள். அது விடவில்லை. மறுபடி வெட்டினாள். கரடி அலறிக்கொண்டு புதருக்குள் ஓடியது.

சத்தம் கேட்டு வந்த சடையன் துண்டால் அவள் முகத்தை இறுகக் கட்டி, ஜீப்பில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனான். உயிர் தங்கியது. கண் போய்விட்டது.

ஊர் திரும்பியவளிடம் ஆடுகள் வரவில்லை. மருந்து வாசனைக்கு மிரண்டு ஓடின. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் பாறைகளில் இடித்து விழுந்தாள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து நடக்கப் பழகினாள்.

ஒரு காலையில் சடையன் மூச்சிரைக்க வந்தான்.

“ஊத்தாண்ட அந்தக் கரடி செத்துக் கெடக்குது. அத்தப் பாத்துப் பயந்துக்கினு ஆடுங்க கிட்டவே போவ மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தாள். வெட்டுக்காயத்தில் புழு நெளிந்தது. கொழுப்பெல்லாம் கரைந்து விலா எலும்பு துருத்தியிருந்தது. ஓங்கி உதைத்தாள். கால் வலிக்கும்வரை உதைத்தாள்.

“செத்தத இன்னா பண்றே? வுடு.”

“என் கண்ணப் புடுங்கிச்சுய்யா!”

அடிபட்ட நாளிலிருந்து அழாதவள் அப்போது வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நல்ல கையால் அதன் பின்னங்காலைப் பிடித்தாள்.

“இன்னொரு கால நீ புடி. ஆடுங்க தண்ணி குடிக்கணும்.”

இருவரும் இழுத்துப்போய்ச் சரிவில் உருட்டிவிட்டார்கள். வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டு, ஆடுகள் ஒவ்வொன்றாக ஊற்றில் வாய் வைத்தன.