ஹரியின் அறைக்கு ஒரு ஹப்

மேற்குத் தாம்பரத்தில் சிட்டிபாபுவின் எலெக்ட்ரிக்கல் கடைக்கு உதயா போனது ஒரு சனிக்கிழமை காலையில். நெட்டில் தள்ளுபடி பார்த்து வாங்கிய இரண்டு ஸ்மார்ட் பல்புகளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கல்லா மேல் வைத்தாள்.

"அண்ணா, என் தம்பிக்கு விரல் எதுவும் வேலை செய்யாது. படுத்தபடியே ஃபேன், லைட், டி.வி. எல்லாம் அவனே போட்டுக்கணும். அதுக்கு என்ன வாங்கணும்? நாளைக்கே மாட்டித் தரணும்."

'நாளைக்கே' என்று அவளைச் சொல்லச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பின்னாளில் அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு முகம் சுண்டிப்போகும்.

உதயாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் கணக்குப் பிரிவு. வீடு முடிச்சூரில். தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலம் அப்பா துளசிங்கம் காலத்தில் பிளாட்டுகளாக விற்றுத் தீர்ந்தது. மிஞ்சிய மனையில் கீழே தங்களுக்கும் மேலே வாடகைக்குமாக அவர் ஒரு வீடு கட்டினார். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உதயாவும் தம்பி ஹரிபிரசாத்தும்தான்.

ஹரி கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது சிநேகிதர்களோடு திருநீர்மலைப் பக்கம் ஒரு கல்குட்டையில் குளிக்கப் போனான். தலைகீழாகக் குதித்தான். பாறை அவன் நினைத்ததைவிட மேலே இருந்தது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. அன்றிலிருந்து மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தோளையும் முழங்கையையும் அசைப்பான். விரல்கள் மடங்கியே கிடக்கும். மூச்சை முழுசாக இழுக்க முடியாததால் குரலும் மெலிந்துவிட்டது.

அந்த மெலிந்த குரலில்தான் கூப்பிடுவான். "அக்கா, ஃபேனைக் கொஞ்சம் குறை." போய்க் குறைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினால், "அக்கா, லைட் கண்ணைக் குத்துது." அப்புறம் டி.வி. சேனல். அப்புறம் மறுபடி ஃபேன். ஒருநாளும் அவள் முகம் சுளித்ததில்லை. ஊரில் அதற்காகவே அவளைப் புகழ்வார்கள். ஆனால் 'அக்கா' என்ற சொல்லே அவளுக்கு ஆகாமல் போயிருந்தது. மின்சார ரயிலில் யாரோ ஒரு குழந்தை தன் அக்காவைக் கூப்பிட்டால்கூட இவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடியதா அது?

"ஹரி யாரையும் எதிர்பார்க்காம இருக்கணும், அதான்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் அவளைக் கடைக்குத் துரத்தியது அது இல்லை.

சிட்டிபாபு பல்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தனியா எரியும் மேடம். ஆனா ஒரே இடத்துலேர்ந்து எல்லாத்தையும் ஆட்டிவைக்க ஹப்புன்னு ஒரு பெட்டி வேணும். எல்லா ஹப்போடவும் இது சேராது. இதுல ஒண்ணொண்ணும் ஒரு பாஷை பேசும். மொதல்ல ஹப்பை முடிவு பண்ணணும், அப்பறம் அதோட பாஷை பேசற சாமானா பாத்து வாங்கணும். நீங்க கடைசில வாங்கவேண்டியத மொதல்ல வாங்கிட்டீங்க."

"சரிண்ணா. எந்த ஹப்?"

அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது ஒரு ஸ்பீக்கர். வைஃபை சுவிட்சுகளைப் போர்டுக்குள் மாட்டினால் வாயால் சொன்னதை அது செய்யும். எல்லாம் கையிருப்பில் இருந்தது. "ஆனா நீங்க பேசறது நெட் வழியா எங்கியோ போய் சுத்திட்டு வரும். நெட் போச்சுன்னா இதுக்குக் காது கேக்காது." இரண்டாவது சோப்புப் பெட்டி மாதிரி ஒரு சின்ன ஹப். அதன் சுவிட்சுகள் வீட்டுக்குள்ளேயே அதோடு பேசிக்கொள்ளும், நெட் வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன் வரும், மணிக்கட்டால் தட்டினால் போதும். "ஆனா அந்த சுவிட்ச் ஸ்டாக்ல இல்ல. வரவழைக்க ரெண்டு வாரம் ஆவும். பழைய போர்டையும் மாத்தணும். அவசரம்னா இது. நிதானமா செய்யலாம்னா அது. தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா?"

"அவன்கிட்ட கேக்க வேண்டாம்ணா. இதையே குடுங்க" என்று உதயா ஸ்பீக்கரைக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையே சிட்டிபாபு வந்து மாட்டிக்கொடுத்தார். முதல் இரண்டு நாள் வேடிக்கையாக இருந்தது. ஹரி "ஃபேன் மூணு" என்றால் டி.வி. மூன்றாம் சேனலுக்குப் போனது. இவன் குரல் அதற்குப் பிடிபடவில்லை. அவன் விடவில்லை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மூச்சுப் பிடித்துச் சொல்லிப் பழகினான். வாரக் கடைசியில் பெட்டி அவனுக்குக் கட்டுப்பட்டது.

பகலில் ஹரியைப் பார்த்துக்கொள்ள செல்லியம்மாள் வருவார். பக்கத்துத் தெரு. உதயா வேலைக்குக் கிளம்பும்போது வந்து, அவள் திரும்பும்வரை இருப்பார். அவருக்கு இந்தப் பெட்டி பிடிக்கவில்லை. "இன்னா பாப்பா இது, ஆளே இல்லாம லைட்டு எரியுது. காத்து கருப்பு பூந்த வூடு மாதிரி கீது" என்றார்.

"இனிமே சாயங்காலம் அவனுக்கு டீ குடுத்துட்டு நீங்க கிளம்பிக்கலாம்மா. மிச்சத்தை அவன் பார்த்துப்பான்" என்றாள் உதயா. செல்லியம்மாளுக்கும் வீட்டில் வேலை இருந்தது. சந்தோஷமாகவே போனார்.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. அதுவரை ஹரியின் போன் ஒரு நாடாவில் அவன் கழுத்தில் தொங்கும். மூக்காலோ விரல் முட்டியாலோ தட்டி அக்காவுக்குப் போன் போடுவான். ஸ்பீக்கரே எல்லாம் செய்வதால் போன் மேசைக்குப் போய் சார்ஜரில் உட்கார்ந்துகொண்டது.

வீடு அமைதியானது. உதயா சமைத்து முடிக்கும்வரை ஒரு 'அக்கா'கூட வராது. அந்த அமைதி அவளுக்குத் தித்தித்தது. ஒருநாள் மாலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வழக்கமான வண்டி வந்து நின்றபோது அவள் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அதைப் போகவிட்டாள். ஒரு லெமன் டீ வாங்கிக் குடித்தாள். அடுத்த வண்டியும் வந்து போனது. வீட்டுக்குப் போனதும், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்றாள்.

"பரவால்லக்கா" என்றான் ஹரி.

அது வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று வழக்கமாயிற்று. ரயில் ஏறியதிலிருந்து வீடு சேரும்வரை மனசு அறுக்கும். மறுநாள் மறுபடி பெஞ்சில் உட்காருவாள்.

கத்திரி வெயில் காலம். மேல்வீட்டில் குடியிருந்தவர்கள் பள்ளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அன்று செல்லியம்மாள் டீ கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகு தெருவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி போன வருடமே நீர்த்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றது. பிறகு கரண்ட் வந்தது. நெட் வரவில்லை. வைஃபை சுவிட்சுகள் கரண்ட் போய்வந்தால் அணைந்த நிலையிலேயே நிற்கும் என்பது உதயாவுக்குத் தெரியாது. அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஹரியின் உடம்பு மார்புக்குக் கீழே வேர்க்காது. ஏ.சி. போட்டால் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும் என்பதால் அதுவும் இல்லை. வெயில் காலத்தில் ஃபேன் காற்றுதான் அவனுக்கு வேர்வை.

உதயா கதவைத் திறந்தபோது கூடத்தில் விளக்கு எரியவில்லை. ஹரியின் அறையில் அனல் அடித்தது. முகம் கன்றிச் சிவந்து, கண் சொருகி, உதடு வெடித்துக் கிடந்தான். நெற்றியைத் தொட்டாள். தோசைக்கல் மாதிரி இருந்தது. பொட்டு ஈரம் இல்லை.

"ஹரி! டேய் ஹரி!"

அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்திக் கத்தி இருந்த குரலும் போயிருந்தது.

ஃபேனைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் துணி நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். ஆட்டோக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுத் தூக்கிப்போய்த் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டிரிப்ஸ் ஏறியது. சூடு இறங்க வெகுநேரம் ஆயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

செல்லியம்மாள் ஓடிவந்து ஹரியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்னாலதான் கண்ணு. நான் வுட்டுட்டுப் போயிருக்கவே கூடாது. பாப்பா பாவம், ஆபீஸ்ல மாட்டிக்கினு இருந்துச்சு. நான் இன்னா புடுங்கிக்கினு இருந்தேன் வூட்ல?"

உதயா வாசற்படியில் நின்றிருந்தாள். 'உங்களைப் போகச் சொன்னதே நான்தானே' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கிழவி அழ அழ, பழி தன் தோளிலிருந்து இறங்கி அவர் தோளில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நொடி அது சுகமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா, அழாதீங்க" என்று உள்ளே வந்தாள். "நான் ஆபீஸ்ல இல்ல. ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன். ரெண்டு வண்டியை வேணும்னே விட்டேன். அன்னைக்கு மட்டும் இல்ல, எத்தனையோ நாள். உங்களைச் சீக்கிரம் போகச் சொன்னதும் நான். ரெண்டு வாரம் பொறுத்திருந்தா நல்ல ஹப் கிடைச்சிருக்கும். பொறுக்கமாட்டேன்னதும் நான்தான்."

செல்லியம்மாள் மூக்கைத் துடைத்தபடி அவளையே பார்த்தார். எழுந்து, கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார்.

ஹரி கரகரத்த குரலில், "எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னா ஆளு வாடிப்போய் வருவாங்க. நீ லேட்டா வந்த நாள்லதான் உன் மூஞ்சி நல்லா இருந்துச்சு. எங்கியோ போய் உக்காந்துட்டு வர்றன்னு புரிஞ்சுது. வரட்டுமேன்னு இருந்தேன்."

உதயா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவன் முழங்கையால் அவள் முதுகை இடித்தான்.

"அழுவாத. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. வேற ஒண்ணுக்கு இருக்கு."

"சொல்லு."

"நெட்ல படிச்ச. கடைக்காரர்கிட்ட கேட்ட. உன் ஆபீஸ்ல கேட்ட. என்கிட்ட கேட்டியா? அந்தப் பெட்டிக்கு முன்னாடி நாள் பூரா கத்தறவன் நான். எனக்குக் குரலே பாதிதான் வரும். எதை அசைக்க முடியும் எதை முடியாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? உன்னை நூறு வாட்டி கூப்பிடறது எனக்கு மட்டும் இனிச்சுதா? ஒவ்வொரு வாட்டியும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பேன்."

இத்தனை வருடமும் அந்தப் பத்து நிமிடம் உதயாவுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சிட்டிபாபுவை வீட்டுக்கே வரவழைத்தார்கள். இந்த முறை பேசியது ஹரி. கையை எதுவரை தூக்க முடியும், எவ்வளவு அழுத்த முடியும் என்று காட்டினான். பட்டனைக் கட்டிலின் வலது கம்பியில் கட்டச் சொன்னான். இடது தோள் சாயங்காலத்தில் சோர்ந்துவிடும் என்றான். "லைட்டுக்கு இந்த ஸ்பீக்கரே போதும், நெட் போனா இருட்டுல இருந்துப்பேன். ஃபேனும் ஆளைக் கூப்பிடற மணியும் ஹப்லதான் வரணும். கரண்ட் போய் வந்தா ஃபேன் தானா ஓடணும். அது முடியுமா?"

"முடியும் தம்பி. அந்த சுவிட்ச்ல அதுக்கு செட்டிங் கீது."

"செட்டிங் இருந்தா பத்தாது. மாட்டின பிறகு மெயினை அணைச்சுப் போட்டுக் காட்டணும்."

சுவிட்சுகள் வர இரண்டு வாரத்துக்கும் மேலாயிற்று. அதுவரை உதயா லீவு போட்டாள். அவள் இல்லாத நேரத்தில் செல்லியம்மாள் இருந்தார். போன் மறுபடி ஹரியின் கழுத்துக்கு வந்தது. புது இன்வெர்ட்டர் பேட்டரியும் வந்தது. எல்லாம் மாட்டி முடிந்ததும் சிட்டிபாபு நெட் பெட்டியைப் பிடுங்கினார், மெயினையும் அணைத்துப் போட்டார். ஃபேன் தானாகச் சுற்றியது. ஹரி மணிக்கட்டால் பட்டனைத் தட்டினான், நின்றது. இன்னொரு தட்டு, ஓடியது. சின்னப் பையன் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தான்.

செல்லியம்மாள் பழைய நேரப்படி இருக்கத் தொடங்கினார். ஆனால் உதயாவிடம் பேச்சு முன்போல இல்லை. பழையபடி 'பாப்பா' என்று கூப்பிட ஆடி பிறக்க வேண்டியிருந்தது. உதயா மன்னிப்புக் கேட்டாள். "வுடு" என்றார் அவர். அது மன்னிப்பா இல்லையா என்று உதயாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆபீஸில் கணக்குப் பார்க்கும்போது நடுவில் போனைத் திறந்து, ஹரி அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஓடும். ஆனாலும் பார்ப்பாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிக்கு ஒரு போன் வந்தது. சிட்டிபாபு நம்பர் கொடுத்து அனுப்பிய குரோம்பேட்டைக்காரர் ஒருவர். பைக்கிலிருந்து விழுந்ததில் தன் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை, எந்த ஹப் வாங்கலாம், எந்த சுவிட்ச் அதோடு சேரும் என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உதயாவுக்கும் கேட்டது.

"எல்லாம் சொல்றேன் சார்" என்றான் ஹரி. "மொதல்ல போனை உங்க வைஃப்கிட்ட குடுங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தாள். கத்தியை வைத்துவிட்டு உதயா, அந்தப் பேச்சு முடியும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.